“எந்த நாய்க்கும் போடலாம்” என்றார், நம்பிக் கையெழுத்துப் போட்டேன்

அமெரிக்காவில் அசோசியேஷன் உள்ள குடியிருப்பில் வீடு வாங்கி, கூடவே குட்டி நாயும் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலத்தடி மின்வேலி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். எங்கள் அசோசியேஷன் மரவேலி, கம்பிவேலி எதையும் அனுமதிப்பதில்லை. பஞ்சு எங்கள் பொமரேனியன். எடை 7 பவுண்டு, அதாவது 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பின்பக்கம் அவ்வளவு பெரிய புல்தரையை வைத்துக்கொண்டு அவனைக் கட்டிப்போட மனசு வரவில்லை. உள்ளூர் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டோம். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். மின்வேலி என்றதும் பதறிவிட்டார். காட்டுப்பன்றிக்கென்று திருட்டுத்தனமாகக் கம்பியில் கரண்ட் விட்டு யானையும் மனுஷரும் செத்த கதையெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். “அது இல்லம்மா” என்று பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கினேன். மண்ணுக்குள் ஓடும் கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அதில் போவது ரேடியோ சிக்னல்தான். நாயின் கழுத்துப் பட்டையில் ஒரு ரிசீவர் இருக்கும். எல்லைக்கு அருகே போனால் அது பீப் அடிக்கும், இன்னும் போனால் தொண்டையில் படுகிற இரண்டு உலோக முனை வழியாகச் சுருக்கென்று ஒரு அடி. எல்லாம் பேட்டரியில் ஓடுவது. அம்மா கேட்டுவிட்டு, “அப்போ ஷாக் கழுத்துலதானேடா அடிக்கும்?” என்றார். அந்தக் கேள்வியை நான் விற்க வந்தவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அவரிடம் நான் கேட்டதெல்லாம், இவ்வளவு சின்ன நாய்க்கு இது சரிப்படுமா என்பதுதான். எந்த நாய்க்கும் போடலாம், ஷாக்கின் அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம், மூன்று முறை வந்து பயிற்சி கொடுப்போம் என்றார். 1,850 டாலர். அன்றைக்கே கையெழுத்து.

அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து, புல்தரையை மெஷினால் கீறிக் கம்பியைப் புதைத்து, எல்லை தெரியச் சுற்றிலும் சின்ன வெள்ளைக் கொடிகளைக் குத்தி வைத்தார்கள். பயிற்சி அரை மணி நேரம். முறைப்படி முதலில் சில நாட்கள் ஷாக்கை அணைத்துவிட்டு, பீப் சத்தத்துக்கு மட்டும் பழக்க வேண்டும். கயிற்றில் பிடித்துக்கொண்டு தினமும் கொஞ்ச நேரமாக, இரண்டு வாரமாவது ஆகும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. இவர்கள் முதல் நாளே ஷாக்கை நடு அளவில் வைத்துப் பஞ்சுவைக் கொடிப் பக்கம் நடத்தினார்கள். கீச்சென்று ஒரு சத்தம். அவனிடமிருந்து அப்படி ஒரு சத்தம் நாங்கள் கேட்டதே இல்லை. உருண்டு எழுந்து, கடித்தது யார் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்றது என் மகள். இரண்டு நாள் அவள் கையிலிருந்து பிஸ்கட் வாங்கவில்லை. தரையில் வைத்துவிட்டு அவள் தள்ளிப் போன பிறகுதான் எடுத்தான்.

மீதி இரண்டு பயிற்சிக்கு யாரும் வரவில்லை. போன் செய்தால் “ஷெட்யூல் பண்றோம்.”

மூன்றாவது வாரம் ஒரு முயலைப் பார்த்துவிட்டு ஓடியவன் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான். துரத்துகிற வேகத்தில் ஷாக் உறைக்காது. நின்ற பிறகு, திரும்பி வர உறைக்கும். ரோட்டோரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், கூப்பிட்டால் ஓரடி வைத்துப் பின்வாங்குகிறான். நான் போய்த் தூக்கினேன், பட்டையைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. கோட்டைத் தாண்டியபோது என் கையிலேயே அவனுக்கு அடித்தது. கட்டைவிரலில் பல் பதிந்துவிட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து தோட்டத்துக்கே இறங்க மாட்டேன் என்று ஹாலில் மூத்திரம் போக ஆரம்பித்தான்.

ஐந்தாவது வாரம் கழுத்தருகே ஒரு வாடை. முடியை விலக்கிப் பார்த்தால் உலோக முனை பட்ட இரண்டு இடத்திலும் மிளகு அளவுக்குப் புண், சுற்றிலும் தோல் கறுத்திருந்தது. கரண்ட் சுட்டதோ என்று பயந்தேன். இல்லை, முனைகள் ஒரே இடத்தில் நாள்கணக்கில் அழுத்தியதால் வந்த புண் என்றார் கால்நடை மருத்துவர். பட்டையை ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, முனைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், தினமும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மாட்டிவிட்டுப் போனவர் சொன்னது, “கழற்றவே வேண்டாம், பழகிவிடும்.” பஞ்சுவுக்கு முடி அடர்த்தி என்று நீள முனையைப் போட்டு இறுக்கிவிட்டுப் போனதும் அவர்தான்.

அப்புறம் கராஜில் கிடந்த டப்பாவைக் குடைந்து கையேட்டை எடுத்தேன். அந்தப் பட்டை 8 பவுண்டுக்கு மேற்பட்ட நாய்களுக்கு மட்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

கம்பெனி என்ன சொல்லியது தெரியுமா? வாய்வார்த்தை ஒப்பந்தத்தில் இல்லையாம். வாரண்டி கம்பிக்கும் சிக்னல் அனுப்பும் பெட்டிக்கும்தானாம். “பயிற்சி பெற்றுக்கொண்டேன்” என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறதாம். இருக்கிறது, நான்தான் படிக்காமல் போட்டேன். பணம் திரும்பாது என்றுவிட்டார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு கிரெடிட் கார்டில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன், மாநில நுகர்வோர் விவகாரத் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கே வந்து விற்றால் 3 வேலை நாளுக்குள் ரத்து செய்ய மத்திய விதி இடம் கொடுக்கிறது. எனக்கு அது தெரிந்தபோது ஐந்து வாரம் போயிருந்தது.

இன்னொன்றையும் அவர் வாயே திறக்கவில்லை. இந்த வேலி நம் நாயை மட்டும்தான் தடுக்கும். பக்கத்து வீட்டு லாப்ரடார் ஜாலியாக உள்ளே வந்து போகிறது, அதன் கழுத்தில்தான் பட்டை இல்லையே. நியூ ஜெர்சியின் 21 கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) கொயோட்டி என்கிற, ஓநாய் மாதிரியான காட்டு விலங்கு இருக்கிறது. 7 பவுண்டு நாய் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. துரத்தினால் தப்பித்து ஓட வேண்டிய திசையில் நம்முடையதுக்கு ஷாக் காத்திருக்கும்.

எதிர் வீட்டு கோல்டன் ரெட்ரீவர் 70 பவுண்டு. ஆறு வருஷமாக இதே மாதிரி வேலிக்குள் நிம்மதியாக இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வேல்ஸில் 2010-லேயே ஷாக் பட்டைகளுக்குத் தடை வந்துவிட்டது, வேலியோடு வருவதும் அதில் அடக்கம். அமெரிக்காவிலேயே விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் இவை வேண்டாம், பரிசு கொடுத்துப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் போடுவதாக இருந்தால், பட்டையின் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, கையேட்டில் குறைந்தபட்ச எடை என்ன என்று நீங்களே பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் கதவைச் சாத்திவிடுங்கள்.

புண் ஆறிவிட்டது, அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. இப்போது நீளக் கயிறு, வராந்தாவில் மடக்குகிற கம்பித் தடுப்பு. அதற்கு அசோசியேஷன் ஒன்றும் சொல்லவில்லை. கொடிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டு மாதக்கணக்காகிறது, பெட்டியையும் அணைத்துவிட்டேன். ஆனாலும் வாக்கிங் கிளம்பினால் டிரைவ்வேயின் முனையில் பஞ்சு நின்றுவிடுகிறான். தூக்கிக்கொண்டுதான் தாண்டுகிறோம்.