பெருந்தொற்றின் முதல் ஆறு வாரங்களில் ஒரு மளிகைச் செயலி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்த நாள் தொட்டு ஆறு வாரங்களுக்கு, எங்கள் வீட்டு மளிகை முழுவதையும் ஒரே செயலியின் வழியாகத்தான் வாங்கினோம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அச்சேவையைக் குறை சொல்ல எனக்கு வாய்ப்பே அமைந்ததில்லை. இந்த மதிப்பீடு அந்த ஆறு வாரங்களுக்கு மட்டும்.

சரக்கு இல்லை என்பது என் புகார் அல்ல. பெரும்பாலான பொருட்கள் இருந்தன, அவற்றைக் கொண்டுவந்து தருவதற்கான நேரம்தான் கிடைக்கவில்லை. கூடையை நிரப்பி, முகவரியை உறுதிசெய்து, கடைசித் திரைக்கு வந்து சேர்ந்த பிறகே ‘நேரம் எதுவும் காலியாக இல்லை’ என்ற சாம்பல் நிறப் பட்டை தோன்றும். புதிய நேரங்கள் நள்ளிரவில் திறக்கின்றன என்பதைச் செயலி எங்கும் சொல்லவில்லை. மாடியில் குடியிருப்பவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பிறகு நானும் மனைவியும் ஆளுக்கொரு கைப்பேசியுடன் 11:58க்கே உட்கார்ந்துவிடுவோம். 12:04க்குள் எல்லாம் தீர்ந்துவிடும். மறுநாள் காலை வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கூட்டம். எங்கள் சிறு குழுவிடம் இருந்தது ஜூமின் இலவசக் கணக்கு, அது 40 நிமிடத்தில் துண்டித்துவிடும்; கண் எரிச்சலோடு உட்கார்ந்திருந்த அந்நாட்களில் அதை நான் ஒரு சலுகையாகவே கருதினேன்.

அடுத்த முறை நேரம் கிடைக்குமா என்று தெரியாதபோது, கிடைத்த முறையிலேயே அள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது. வழக்கமாக நான்கு சோப்பு வாங்கும் நான் அன்று பன்னிரண்டு வாங்கினேன். பிறரின் பதுக்கலைத் திட்டிக்கொண்டேதான் வாங்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வீடு இப்படிக் கூடுதலாக எடுக்கும்போது, கடை அதைவிடக் கூடுதலாக மொத்த வியாபாரியிடம் கேட்கிறது, அவர் அதையும்விடக் கூடுதலாக ஆலையிடம் கேட்கிறார். சாட்டையின் பிடியில் சிறிய அசைவும் நுனியில் பெரிய வீச்சும் இருப்பதுபோல், பயத்தின் அளவு மேலே போகப் போகப் பெருகுகிறது. நேரப்பட்டியலை மறைத்து வைத்ததன் மூலம் செயலியும் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

மாற்றுப் பொருள் அனுப்பிய விதமும் சரியில்லை. கைக் கிருமிநாசினியில் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும் என்று அப்போது எல்லோரும் அறிந்திருந்தோம். கேட்டதற்குப் பதிலாக வந்த புட்டியில் மணத்தின் பெயர் பெரிதாக இருந்தது, சதவீதம் எங்குமே இல்லை. பணம் திரும்ப வர 19 நாட்கள் ஆயின.

இரண்டாம் வாரத்தில் சோப்பு, கிருமிநாசினி போன்றவற்றுக்கு வீட்டுக்கு இரண்டு என்று வரம்பு வைத்தார்கள். முதலில் முணுமுணுத்தேன். நான்கே நாட்களில் காலியாகக் கிடந்த சோப்புப் பக்கம் நிறைந்ததைப் பார்த்த பிறகு, முதல் நாளே இதைச் செய்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. காலை முதல் மணி நேரத்தை முதியோருக்கு ஒதுக்கியதும் நல்ல முடிவு.

பொருட்களைக் கொண்டுவந்தவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒருவர், கட்டைவிரலில் கிழிந்த கையுறையோடு பையைப் படியில் வைத்துவிட்டு, நான் கதவைத் திறக்கும் முன்பே கீழே இறங்கி நின்று கையசைத்தார். பையை வெளியிலேயே வைத்திருப்போம். வைரஸ் அட்டையில் 24 மணி நேரம் வரையிலும் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையிலும் தங்கக்கூடும் என்ற ஆய்வகச் செய்தி அந்த மார்ச் மாதத்தில்தான் வெளியாகியிருந்தது. பால் அவ்வளவு நேரம் காத்திருக்காது என்பதால் பாக்கெட்டுகளைச் சோப்பு நீரில் தேய்த்தேன். காலாவதித் தேதி அழிந்து, மை என் விரலில் ஒட்டியது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன். ஒன்றைக் கழித்தது நேரத்தை மறைத்ததற்காக, மற்றொன்று அந்த 19 நாட்களுக்காக. கொண்டுவந்தவருக்குத் தனியாக மதிப்பெண் கேட்டார்கள். அதில் ஒவ்வொரு முறையும் ஐந்து தந்தேன்.