பேக்கேஜ் டூரா, நாமே எடுக்கும் பஸ்ஸா? ஓய்வுக்குப் பிறகு தோழிகளோடு போகிறவர்களுக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தோழிகள் சேர்ந்து போன முதல் பஸ் டூரில், மூன்றாம் நாள் மதியம் ஒருத்திக்கு மயக்கம் வந்துவிட்டது. இறங்குவதற்காக எழுந்தவள், முன் சீட்டின் முதுகைப் பிடித்தபடியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் காய்ந்து கிடந்தது. "ஏண்டி, காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா இல்லையா?" என்று கேட்டேன். "குடிச்சா பாத்ரூம் வரும். நாற்பது பேர் முன்னாடி பஸ்ஸை நிறுத்துங்கன்னு எப்படிடி சொல்றது?" என்றாள். மடியில் இருந்த பாட்டிலின் சீல்கூட உடைபடவில்லை.

அதன் பிறகு வேறு இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தோம். ஒருமுறை நாங்களே சின்ன பஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எல்லா ஏற்பாட்டையும் எங்கள் கையாலேயே செய்தோம். இன்னொரு முறை ஒரே ஊரில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் வெளியே போய்வந்தோம். நாங்கள் 12 பேர். எல்லோரும் 60 தாண்டியவர்கள், இரண்டு பேர் 70-ம் தாண்டியவர்கள். மூட்டு வலி, சர்க்கரை, பிரஷர் என்று ஆளுக்கு ஒன்று உண்டு. எந்த வழி நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

பேக்கேஜ் டூர்

இதன் பெரிய வசதி, நாம் எதையும் யோசிக்க வேண்டாம் என்பதுதான். 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக், லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். பணத்தைக் கட்டிவிட்டு வந்து ஏறினால் போதும். இன்றைய பஸ் டூரும் அதே வழிதான். அறை, சாப்பாடு, நுழைவுச் சீட்டு, டிரைவர், கைடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வழியில் பஸ் பழுதானால் மாற்று பஸ்ஸுக்கு அலைவதும் அவர்கள்தான். மொழி தெரியாத இடத்துக்கு, நீண்ட தூரத்துக்குப் போவதென்றால் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பெரிய பஸ்ஸில் நேரம் எங்கே போகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீட்டர் நீளமுள்ள டூர் பஸ்ஸில் சாதாரணமாக 45 முதல் 50 பேர் வரை உட்காரலாம். 45 பேர் ஒரே கதவு வழியாக இறங்க, ஆளுக்கு 15 விநாடி என்று வைத்தாலும் 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். திரும்ப ஏற இன்னொரு 11 நிமிடம். நம் வயதுக்காரர்களுக்கு 15 விநாடி போதாது என்பது வேறு விஷயம். "இங்கே அரை மணி நேரம்" என்று கைடு சொன்னால், கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கையில் நிற்பது எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் பாத்ரூம் வரிசையில் நிற்பதா, வந்த இடத்தைப் பார்ப்பதா? எங்கள் மூட்டு வலிக்காரத் தோழி நான்காம் நாளிலிருந்து, "நீங்க போயிட்டு வாங்கடி, நான் பஸ்ஸிலேயே இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சொல்லும்போது சிரித்தாள். கைடின் கொடி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

தண்ணீர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வயது ஏற ஏற தாகம் எடுப்பது குறையும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும், ஆனால் நாக்குக்குத் தெரியாது. பிரஷருக்கோ இதயத்துக்கோ சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை எடுப்பவர்கள் நம்மில் பலர். அதைக் காலையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குப் பயந்து தண்ணீரையும் நிறுத்தினால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். தலை சுற்றும், விழ நேரும். சிலர் பயண நாட்களில் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, பயண நாட்களில் அந்த மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டுவிடுவதுதான் சரி.

அறிமுகமில்லாத 30, 35 பேரோடு போகும்போது நிறுத்தச் சொல்ல வாய் வராது. பேக்கேஜில் எனக்கு இருக்கும் மிகப் பெரிய குறை இதுதான். சில பெரிய பஸ்களில் உள்ளேயே கழிப்பறை இருக்கும். ஓடும் பஸ்ஸில், குறுகலான படியில் இறங்கி அதற்குள் போவது எங்களில் பாதிப் பேருக்கு நடக்காத காரியம்.

நாமே வாடகைக்கு எடுத்தால்

இரண்டாவது பயணத்தில் இந்தக் குறை முதல் மணி நேரத்திலேயே தீர்ந்தது. யாருக்கு வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. 12 பேர் இறங்க 3 நிமிடம்தான். ஒரு இடம் பிடித்துப்போனால் இன்னும் ஒரு மணி நேரம் உட்காரலாம், பிடிக்காவிட்டால் அப்படியே கிளம்பலாம். பழைய கதையெல்லாம் கொட்ட பஸ் முழுக்க நம்முடையது.

அப்புறம்தான் மறுபக்கம் தெரிந்தது. எங்களில் ஒருத்தி, கணக்கு வழக்கில் கெட்டிக்காரி, எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டாள். ஒரு நீள நோட்டு, காதில் போன். அறை கொடுத்தார்களா, சாப்பாடு சொன்னோமா, டிரைவர் சாப்பிட்டாரா, நேற்றைய செலவில் யார் பாக்கி என்று ஏழு நாளும் அதே வேலை. நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் அவள் பார்க்கிங்கில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். போதாததற்கு "இந்த ஹோட்டலை ஏன் எடுத்தே?" என்று அவளிடமே கேட்டவர்களும் உண்டு. திரும்பி வந்த அன்று, "என்ன பார்த்தோம்னே எனக்கு ஞாபகம் இல்லைடி" என்றாள். பிறகு இரண்டு மாதம் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தப்பு முழுக்க எங்களுடையது. நாற்பது வருட நட்பில் ஒருத்தியைச் சம்பளமில்லாத மேனேஜர் ஆக்கிவிட்டோம்.

பணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பேக்கேஜில் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் இழப்பு பெரும்பாலும் அவருடையது. அவரோடு அறை பகிர இருந்தவர் தனி அறைக்கான கூடுதல் கட்டணம் கட்ட வேண்டி வரலாம், அவ்வளவுதான். நாமே பஸ் எடுக்கும்போது ஆள் குறைந்தாலும் வாடகை குறையாது. 12 பேரில் 2 பேர் நின்றுவிட்டால் மீதிப் பத்துப் பேரின் பஸ் பங்கு 20 சதவீதம் கூடும். நம் வயதில் யாருக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போகும் என்று சொல்ல முடியாது. அதனால், வராவிட்டாலும் பஸ் பங்கு திரும்பக் கிடைக்காது என்று முதல் நாளே பேசி, எல்லோரிடமும் முன்பணம் வாங்கிவிட வேண்டும். உடம்பு முடியாமல் போனால் ரத்துச் செலவைத் தரும் பயணக் காப்பீடு எடுக்கிறவர்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதிக் கொடுக்கவும். மறைத்தால் பணம் கேட்கிற நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள்.

எனக்கு இதைவிடப் பயமான ஒன்று உண்டு. பஸ் நம்முடையது என்ற தைரியத்தில் டிரைவரை விரட்டுவது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அதையும் பார்த்துட்டுப் போயிடலாமே" என்று மாலை ஆறு மணிக்கு நாங்களும் கேட்டிருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். சாதாரணமாக ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரம்தான் ஓட்டலாம். உங்கள் ஊரில் சட்டம் எப்படி இருந்தாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். அதற்கு மேல் போகிற நாள் இருந்தால் இரண்டாவது டிரைவர் வேண்டும், அல்லது அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

வண்டியையும் நேரில் பாருங்கள். பெரிய பஸ்ஸில் சீட்டுகளுக்குக் கீழே லக்கேஜ் அறை இருப்பதால் உள்ளே ஏறப் படிகள் அதிகம், ஆனால் குலுங்கல் குறைவு. சின்ன பஸ்ஸில் படிகள் குறைவு. ஆனால் முதல் படியே சில வண்டிகளில் முழங்கால் உயரத்துக்கு இருக்கும், பெட்டி வைக்கவும் இடம் போதாது. நாங்கள் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலைக் கதவோரம் வைத்திருந்தோம். அந்தப் பயணத்தில் கொண்டுபோன பொருட்களிலேயே அதிகம் உதவியது அதுதான்.

ஒரே இடத்தில் தங்கிப் போய்வருவது

பேக்கேஜோ, சொந்த ஏற்பாடோ, எத்தனை ஹோட்டல் மாறுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. முதல் டூரில் 7 இரவுக்கு 6 ஹோட்டல். காலை ஆறரைக்குப் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து, மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, சார்ஜர் என்று தேடி, பாதியை மறந்து கிளம்புவோம். ராத்திரி புது அறையில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருட்டில் தடவுவோம். நம் வயதில் இப்படியும் விழ நேரும்.

மூன்றாவது பயணத்தில் 7 இரவுக்கு 2 ஹோட்டல். பெட்டியை ஒரு முறை பிரித்தால் நாலு நாளைக்கு மூட வேண்டாம். மிக முக்கியமாக, ஒரு நாள் முடியவில்லை என்றால் அறையிலேயே படுத்துக்கொள்ளலாம், குழு போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும். பஸ்ஸில் காத்திருந்த தோழி இந்த முறை இரண்டு நாள் அறையில் ஓய்வெடுத்துவிட்டு, மீதி நாட்களில் எங்களோடு கடைசி வரை நடந்தாள். குறை என்னவென்றால் போன வழியிலேயே திரும்ப வேண்டும், பார்க்கும் இடங்கள் குறையும். ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சலிப்புத் தட்டாது.

ரயிலில் போய் இறங்கி அங்கே பஸ் எடுக்கலாமே என்பார்கள். தூரம் அதிகமென்றால் நல்ல யோசனைதான், நடமாட இடமும் கழிப்பறையும் இருக்கும். 12 பெட்டிகளைப் பிளாட்பாரத்தில் யார் தூக்குவது என்பதற்கு மட்டும் முதலிலேயே வழி பண்ணிக்கொள்ளுங்கள்.

எதில் போனாலும்

தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இரட்டிப்பு என்றாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பயப்பட வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் நல்லது. முன்பு ரத்தம் உறைந்தவர்களும், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். இன்சுலினையும் மாத்திரைகளையும் டிக்கியில் போடும் பெட்டியில் வைக்காதீர்கள். நின்ற பஸ் வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள சீட்டில் தூக்கிப்போடுவது குறைவு. முதுகு வலிக்காரர்களுக்கு அதைக் கொடுங்கள். தலை சுற்றுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்க்கட்டும். கடைசி வரிசையை லக்கேஜுக்கு விட்டுவிடுங்கள். யாரோடு யாருக்கு அறை என்பதையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். குறட்டை விடுகிறவரும் லேசாகத் தூங்குகிறவரும் ஒரே அறையில் மாட்டினால் மூன்றாம் நாள் சண்டை நிச்சயம்.

நான் எதை எடுப்பேன்

நாலைந்து பேர்தான் என்றால் பேக்கேஜில் சேர்ந்துவிடுங்கள். பஸ் வாடகையைத் தாங்க ஆள் போதாது. பத்துப் பேருக்கு மேல் இருந்தால், டூர் நடத்துகிற ஒருவரிடம் "எங்கள் குழுவுக்கு மட்டும் ஒரு பஸ், இரண்டே ஹோட்டல், கூட ஒரு மேனேஜர்" என்று கேளுங்கள். பொதுப் பேக்கேஜைவிடச் செலவு கூடும், ஆனால் தோழியின் நோட்டுப் புத்தகத்துக்கு வேலை இருக்காது. பணம் கட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் பஸ்ஸில் இருப்போம், எங்கெங்கே நிற்போம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் நான் பணம் கட்ட மாட்டேன்.

போன பயணத்தை இப்படித்தான் ஏற்பாடு செய்தோம். கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, நடு வரிசையிலிருந்து ஒரு குரல்: "தம்பி, எங்கேயாவது ஓரமா நிறுத்துப்பா." முதல் டூரில் மயங்கியவள்தான். கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டில்.