வஹாக்காவில் நாலு வருஷம்: தறிச் சத்தமும் தண்ணீர்த் தொட்டியும்

நேற்றுதான் மோட்டார் காயில் கட்டி வந்தது. நேற்றே நண்பன் ஒருவன் கேட்கிறான், வீட்டிலிருந்தே வேலை, மெக்சிகோவில் நீ இருக்கிற வஹாக்காவுக்கு வரலாம் என்றிருக்கிறேன், உன் பேட்டையிலேயே வீடு பார்க்கட்டுமா என்று. விசா, வாடகை, இணைய வேகம் எல்லாம் அவனே அலசிவிட்டான். அதனால் நாலு வருஷமாக என்னை அலைக்கழிக்கிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். தண்ணீர்.

நான் இருப்பது சோச்சிமில்கோ. மெக்சிகோ சிட்டியில் படகு விடுகிறார்களே, அது இல்லை. வஹாக்கா நகரத்தின் வடக்கே அதே பெயரில் இருக்கும் பழைய நெசவாளர் பேட்டை. தெருவோரம் நெடுக ஆர்கித்தோஸ் என்கிற வளைவு வரிசை, பச்சைக் கல்லும் செங்கல்லுமாக 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. சான் ஃபெலிப்பே மலைத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்த கால்வாய் அதன் மேல்தான் ஓடியது. இப்போது வளைவுகளுக்குள் வீட்டு வாசல்கள், மாதா மாடங்கள், காகிதப்பூக் கொடிகள்.

எங்கள் குழாயில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் மூன்று வாரம்கூட வராது. வந்தால் நடுராத்திரி வரும். மற்றபடி லாரிதான். இங்கே அதைப் பிப்பா என்பார்கள். நம் பீப்பாயேதான், போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுப்போன சொல், ஸ்பானிஷிலும் அதே. 10,000 லிட்டர் லாரி என் சந்துக்குள் நுழையாது. தெருமுனையில் நிறுத்தி, வளைவுக்கடியில் ஹோஸ் இழுத்து, இணைப்புக்கு இணைப்பு கசிந்து கல் இடுக்கில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் வயிறு எரியும். போன வாரம் தண்ணீர் மட்டம் பார்க்கிற ஃப்ளோட் சிக்கிக்கொண்டு, சம்ப் வற்றியது தெரியாமல் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிட்டது.

அன்று காலை நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுத் தறிக்காரர், எழுபதைத் தாண்டியவர், நான் கேட்கவேயில்லை, மதில் மேல் ஹோஸைப் போட்டு, "வெசினோ (பக்கத்து வீட்டுக்காரரே), வாளி கொண்டாங்க" என்றார். சாயம் போட்ட நூலை அலச வைத்திருந்த தண்ணீர் அது என்று அப்புறம்தான் தெரிந்தது.

மிதித்தறி ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்தது. அதற்கு முன் இடுப்பில் வார் கட்டித்தான் நெய்தார்கள், கிராமங்களில் பெண்கள் இன்றும் அப்படி நெய்கிறார்கள். இவர் நெய்வது பருத்தி மேசைவிரிப்பு. எட்டு மணிக்குத் தொடங்குவார். மிதி ஒரு தட்டு, சர்ரென்று ஊடுநூலோடு பாயும் நாடா, பலகை இரண்டு அடி. பலகையில் அவர் கை பிடிக்கிற இடம் தேய்ந்து, பாதி கரைந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று பள்ளமாகியிருக்கிறது. நூல் அறுந்தால் சத்தம் நிற்கும், முடிச்சுப் போட்டு மறுபடி தொடங்கும்வரை எனக்கும் வேலை ஓடாது. நாடாவுக்குள் போடும் நூல் தார் சுற்ற அவர் மனைவி வைத்திருப்பது பழைய சைக்கிள் சக்கரம். இப்படி ஒரு அக்கம்பக்கம் எனக்கு வேறெங்கும் அமைந்ததில்லை. திருவிழா நாளில் விடிகாலை வானவெடி போடுவார்கள், அது ஒரே வருஷத்தில் பழகிவிடும், அதைக் குறையாகவே எண்ணவில்லை.

ஆனால் எங்கள் சந்திலேயே மூன்று வீடுகள் நாள் வாடகைக்கு மாறிவிட்டன, ஒன்றின் மொட்டைமாடியில் விருந்தாளிகள் ஊறிக் குளிக்கத் தொட்டி வேறு. டாலரில் சம்பளம் வாங்குகிற எனக்கு லாரி சொல்வது ஒரு போன். தறிக்காரருக்கு ஒரு லாரி என்பது பல நாள் நெசவு. 2024 ஜனவரியில் வெளியூர்க்காரர்களால் வாடகை ஏறுவதை எதிர்த்து நகர மையத்தில் ஊர்வலம் போனார்கள். நடைபாதையில் நின்று பார்த்தேன். அவர்கள் சொன்னது என்னையும் சேர்த்துத்தான், சொன்னதில் தப்பே இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். வராதே. வஹாக்காவுக்கு வா, இந்தப் பேட்டைக்கு வேண்டாம், இங்கே இன்னொரு குழாய் தாங்காது. ஜூனில் மழை பிடித்துக்கொண்ட பிறகு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்குத் தற்காலிகக் குடியிருப்பு அட்டையின் நாலு வருஷம் இந்த மாதம் முடிகிறது. நிரந்தர அட்டைக்குப் படிவம் நிரப்பிவிட்டேன், முகவரி இதே சந்து. தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கினார்களே, அதே போல மொட்டைமாடி மழைநீரைச் சம்ப்புக்குத் திருப்பப் போகிறேன், மதிலில் துளை போட்டுத் தறிக்காரர் தொட்டிக்கும் ஒரு குழாய். அவரிடம் கேட்டாயிற்று. திங்கட்கிழமை பிளம்பர் வருகிறார்.