சோலார் யானை வேலி மெஷின்: இரண்டு போகம் பாவித்த பிறகு

போன பெரும்போகத்துக்கு முன்னர் எங்கள் கண்டத்தில் வயல் செய்கிற பதினாறு பேர் சேர்ந்து, வெயிலில் பட்டரியை ஏற்றி வேலிக் கம்பிக்குக் கரண்ட் அடிக்கிற இந்த மெஷினை திருகோணமலை டவுனில் ஒரு கடையில் வாங்கினோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று காசு போட்டோம். கணக்குக் கொப்பி என்னிடம், அதனால் இதை எழுதுகிற வேலையும் என் தலையில். தம்பலகாமத்தில் நானும் இவரும் மூன்று ஏக்கர் செய்கிறோம்.

மெஷினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செக்கனுக்கு ஒரு தரம் 'டிக்' என்று அடிக்கும். ஏழெட்டாயிரம் வோல்ட் என்றாலும் கண் இமைக்குமுன் ஓய்ந்துவிடுவதால் உயிர் போகாது. ஒருநாள் மறதியில் நானே கம்பியைப் பிடித்துவிட்டேன். முழங்கையில் யாரோ உலக்கையால் போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வீட்டு லைனில் இருந்து நேரே கம்பி இழுத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது யானையையும் கொல்லும், விடியப்புறம் தண்ணீர் திருப்பப் போகிற மனிசரையும் கொல்லும். அது வேலியே இல்லை.

கோபம் கடையோடுதான். பூட்ட வந்த பொடியன், கரண்ட் மண் வழியாக மெஷினுக்குத் திரும்புவதற்கு நிலத்தில் இறக்குகிற எர்த் கம்பியில் ஒரே ஒன்றை அடித்துவிட்டுப் போய்விட்டான். மழைக்காலம், நிலம் ஈரம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சிறுபோகத்தில் மண் காய்ந்ததும் டெஸ்டரில் வோல்ட் இரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு கம்பி அடித்து, பின்னேரத்தில் ஆளுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றித்தான் சமாளித்தோம். இன்சுலேட்டர்கள் வெயிலில் வெடித்தன. பட்டரிக்கு இரண்டு வருட உத்தரவாதம் என்று வாயால் சொன்னார்கள், பில்லில் ஆறு மாதம். கம்பிக்குக் கீழே புல் முட்டினாலும் கரண்ட் இறங்கும் என்பதைக்கூட நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம்.

யானையும் சிலதைத் தானாகக் கண்டுபிடித்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம், நான் பரணில் இருந்தேன். வாய்க்கால் கரையால் ஒரு தனியன் வந்தார். தும்பிக்கை நுனியைக் கம்பிக்கு ஒரு சாண் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினார், தொடவில்லை. பிறகு அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து, முன்னங்காலை மரக்கட்டையில் வைத்து மெல்ல அழுத்தினார். கட்டை சாய்ந்தது, கம்பியும் சாய்ந்தது, ஐயா கடந்து போனார். டோர்ச் அடித்தோம், யானை வெடி போட்டோம், அரை ஏக்கர் போனது. இப்போது ஒவ்வொரு கட்டையிலும் வெளிப்பக்கமாகக் கரண்ட் கம்பித் துண்டுகளை நீட்டி விட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு அவர் காலை வைக்கவில்லை.

ஆண் கன்றுகள் பத்துப் பதினைந்து வயதில் தாய்க் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். வெள்ளாமைக்குள் துணிந்து இறங்குவது பெரும்பாலும் அப்படிப் பிரிந்து வளர்ந்தவைதான். கவுடுல்ல, சோமாவதி தேசியப் பூங்காக்கள் என்று வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், ஆனால் இலங்கையில் யானை நடமாடுகிற இடத்தில் பெரும்பகுதி அந்தக் கோடுகளுக்கு வெளியேதான் இருக்கிறது. கந்தளாயில் சீனித் தொழிற்சாலை 1993இல் மூடிய பிறகு கரும்புக் காணிகள் பற்றைக் காடாகின. யானைக்கு அடர்ந்த காட்டைவிட அந்தப் பற்றைதான் பிடிக்கும்.

அதனால்தான் கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்த நிரந்தர வேலியை வேண்டாம் என்றோம். காட்டோரம் வருடம் முழுக்க நிற்கிற வேலிகளில் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கிறது. நாங்கள் விதைத்த பிறகு பூட்டுவோம், அரிவி வெட்டியதும் கழற்றி எங்கள் வீட்டுக் கோடியில் சுருட்டி வைப்போம். பிறகு அவை வந்து தாளை மேய்ந்துவிட்டுப் போகட்டும். இம்முறை வரம்போரம் கிடந்த இலத்தியில் விளாங்கன்று நான்கைந்து முளைத்திருந்தது. எந்தக் காட்டில் தின்ற பழமோ. வரம்பு கெட்டுவிடும் என்று இவர் பிடுங்கி எறியப் பார்த்தார். ஒன்றைக் கிளப்பிக் கிணற்றடியில் வைத்திருக்கிறேன்.

மெஷினுக்கு ஐந்துக்கு நாலு, கடைக்கு ஒன்று. அந்த ஒன்றும் தேத்தண்ணி தந்ததற்காக. இந்தப் போகத்துக்கான இன்சுலேட்டர்களை வேறு இடத்தில் வாங்கிவிட்டோம், பட்டரி உத்தரவாதத்தையும் பில்லில் எழுதுவித்தே எடுத்தேன்.