மாசம் 300 பிடிச்சாங்க, 1,12,600 கட்டினது நான்: உள்ளாட்சி ஊழியர்கள் மருத்துவக் காப்பீட்டு கார்டை நம்பி அட்மிட் ஆகாதீங்க

இன்னிக்கு மூணாவது தடவையா எங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் பிரிவுல நின்னுட்டு இப்பத்தான் வந்தேன். சூடு ஆறறதுக்குள்ள எழுதிடறேன். போன தொகை 1,12,600 ரூபாய். என் ரெண்டு மாசச் சம்பளத்துக்கும் மேல.

நான் ஒரு நகராட்சியில பில் கலெக்டர். எந்த ஊர்னு போடல, போட்டா மெமோ வரும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல எங்களையும் சேர்த்திருக்காங்க. முன்னாடி மாசம் 180 பிடிச்சாங்க, 2021 ஜூலையிலிருந்து 300. நாலு வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, குறிப்பிட்ட சில பெரிய வியாதிக்கு 10 லட்சம். 2024 பிப்ரவரியோட 32 மாசம், 9,600 ரூபாய் ஆச்சு. ஒரு மாசம் தவறினதில்ல, பே ஸ்லிப் எல்லாம் வெச்சிருக்கேன்.

மார்ச் முதல் வாரம் ராத்திரி வீட்டுக்காரம்மாவுக்குத் தாங்க முடியாத வயித்து வலி. பித்தப்பையில கல், சீழ் கட்டிடுச்சு, உடனே ஆபரேஷன்னாங்க. திட்டப் பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரிதானான்னு பாத்துத்தான் போனேன். இன்சூரன்ஸ் கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு கார்டைத் திருப்பிப் பாத்துட்டு, “முனிசிபாலிட்டி ஸ்டாஃபா சார்? கவர்ன்மென்ட் கார்டு. நீங்க போய் மேடம் பக்கத்துல இருங்க, பேப்பரை நாங்க பாத்துக்கறோம்”னு சிரிச்சுது.

அங்கதான் விழுந்தேன். கையில கொண்டுபோன 40,000 ரூபாயைத் திரும்பப் பைக்குள்ள வெச்சேன். “பொது வார்டே போதுங்க”ன்னு வீட்டுக்காரம்மா சொன்னா. “இன்சூரன்ஸ்தானே தருது”ன்னு தனி ரூம் எடுத்ததும் நான்தான். நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க, போட்டேன். அதுல ஒண்ணு, காப்பீடு மறுக்கப்பட்டா முழுத் தொகையும் நானே கட்டறேன்னு ஒப்புதல். அதைப் படிச்சதே டிஸ்சார்ஜ் அன்னிக்குத்தான்.

அன்னிக்குக் காலையில 11 மணிக்குப் புடவை மாத்தி, பையெல்லாம் கட்டி உக்காந்தாச்சு. “அப்ரூவல் வந்துடும் சார்.” மதியமும் அதே பதில். 4 மணிக்கு அதே பொண்ணு வந்து, “உங்க பாலிசி ஆக்டிவ்ல இல்லைன்னு வந்திருக்கு சார்”னு சொல்லுச்சு. பாவம், அதைத் திட்டிப் பிரயோஜனமில்ல. பணம் கட்டற வரைக்கும் கையில குத்தின ஊசியைக்கூட எடுக்கல. மச்சான் ஓடிப்போய் அவ செயினை அடகு வெச்சுக் கொண்டுவந்தான். ராத்திரி எட்டரைக்கு 1,12,600 கட்டி வெளிய வந்தோம்.

மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். “உங்க நகராட்சியிலிருந்து பிரீமியம் முழுசா வரல, ஆபீஸ்ல கேளுங்க.” ஆபீஸ்ல கேட்டா, “அவங்க ஆள் கணக்கைக் கூட்டிப் போட்டுப் பில் அனுப்பறாங்க. ரிட்டயர் ஆனவங்க, மாறுதல்ல போனவங்க பேரெல்லாம் இருக்கு. கழிச்சுத்தான் கட்டுவோம், இல்லேன்னா ஆடிட்ல நாங்கதான் மாட்டுவோம்.” திரும்ப கம்பெனிக்கு. “யார் யார்னு சொல்லாம மொத்தமாக் கழிச்சா நாங்க யாரைச் சார் எடுக்கறது? கணக்கு சரியாகற வரைக்கும் அந்த லிஸ்ட்டே நிறுத்தித்தான் வெச்சிருக்கு.”

ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்குன்னே வெச்சுக்குவோம். ஆனா இந்தத் தகராறு பத்து மாசமா நடக்குதாம்! பத்து மாசமும் என்கிட்ட 300 பிடிக்கத் தெரிஞ்சுதே, ‘கார்டு வேலை செய்யாது’ன்னு நோட்டீஸ் போர்டுல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டத் தெரியலையா? எவன் வீட்டுலயாவது அரையாண்டு சொத்து வரி பாக்கின்னா நான் போய்க் கதவைத் தட்டறேன். வாங்கின காசுக்கு அங்கயே ரசீது குடுக்கறேன். என் காசு போய்ச் சேந்துச்சான்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

ரெண்டாவது தடவை போனா, “அந்த சீட் லீவு.” இன்னிக்கு, “மண்டல ஆபீசுக்கு எழுதியிருக்கு, நீங்க ஒரு மனு குடுத்துட்டுப் போங்க.” போன வாரமே குடுத்தேனே? “அது எங்க இருக்குன்னு தேடணும், இன்னொண்ணு குடுங்களேன்.” பக்கத்து சீட்காரர் டீ குடிச்சுக்கிட்டே, “அண்ணே, உங்களுக்காவது லட்சத்தோட போச்சு”ங்கறார். ஆறுதலாம்.

தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர், பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரிங்கற ஒரே காரணத்துக்காகச் செலவுத் தொகையை மறுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018ல சொன்னதைக் காட்டினார். நான் பட்டியல்ல இருக்கற ஆஸ்பத்திரிக்கே போய்த்தான் இந்தக் கதின்னேன். அவர் பேசல.

என்னென்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப ஓடல. இதை மட்டும் பாத்துக்குங்க. பே ஸ்லிப்ல பிடித்தம் இருக்கறதை நம்பாதீங்க. உடம்பு நல்லா இருக்கும்போதே ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டு, கார்டு நம்பரைச் சொல்லி, உங்க பேரும் வீட்டுல உள்ளவங்க பேரும் நடப்புல இருக்கான்னு கேளுங்க. நகராட்சி, பேரூராட்சி ஆளுங்க கட்டாயம் கேளுங்க. அப்ரூவல் கையில வராம ரூமை மாத்தாதீங்க. மறுத்தா வாயால சொல்றதோட விடாதீங்க, எழுத்துல வாங்குங்க. நான் நாலு நாள் அலைஞ்சு வாங்கினேன். ஒரிஜினல் பில்லை யார் கேட்டாலும் ஜெராக்ஸ் எடுக்காமக் குடுக்காதீங்க.

இந்தத் திட்டத்துல மறுக்கப்பட்ட கிளைமுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு. 1,12,600க்கும் பில்லு, 32 பே ஸ்லிப்பு எல்லாம் கட்டி வெச்சுட்டேன். திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுக்கப் போறேன். வேற நகராட்சியில யாருக்காவது இதே ‘ஆக்டிவ்ல இல்ல’ வந்திருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, சேர்ந்தே போயிடலாம்.