பக்கத்து மனையில் பைலிங், பறிபோனது எங்கள் அட்வான்ஸ் 60,000: வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கவனத்துக்கு

அட்வான்ஸ் 60,000 ரூபாய். ஒரு பைசா திரும்பி வரவில்லை. பக்கத்து மனையில் பைல் அடித்ததில் (அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்குவது) எங்கள் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. அந்த விரிசலை எங்கள் தலையில் கட்டி, மொத்தப் பணத்தையும் ஓனர் கழித்துவிட்டார். தமிழ்நாட்டில் வாடகைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வீடு பார்க்கும்போதே கேட்டோம், பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறதே, ஏதாவது கட்டப் போகிறார்களா என்று. புரோக்கர் பால்கனியில் நின்று கையைக் காட்டி, "அது பாகப்பிரிவினை கேஸ்ல கிடக்கு சார், இப்போதைக்கு ஒண்ணும் வராது" என்றார். பக்கத்தில் நின்ற ஓனரும் தலையாட்டினார். "என்ன பிரச்சினைன்னாலும் நான் இருக்கேன், ஒரு போன் போடுங்க போதும்" என்றும் சொன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் பணம் கைமாறியது. அந்த மனையில் கட்டத் திட்ட அனுமதி அதற்கு முன்பே வாங்கியாகிவிட்டது, ஓனருக்கும் அது தெரியும் என்பது பைலிங் வண்டி வந்து நின்ற பிறகுதான் வெளியே வந்தது.

பைல் அடிக்கும் அதிர்வு ஒரு பக்கம். அஸ்திவாரக் குழியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக மோட்டார் வைத்து இறைப்பது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் ஒட்டியுள்ள வீட்டின் அடிமண் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டு போல ஏறும் கீறல், திடீரென்று சட்டத்தில் பிடிக்கும் கதவு எல்லாம் அதன் அடையாளங்கள். பூச்சு காய்ந்து வரும் முடிக்கீறல் இப்படி இருக்காது. எங்கள் படுக்கையறை ஜன்னலின் கீழ் மூலையில் ஸ்கேலை வைத்தால் 3 மில்லிமீட்டர் காட்டியது. அதற்குத்தான் கணக்குச் சீட்டில் "சுவர் சேதம், குடியிருந்தவர் பொறுப்பு" என்று எழுதி 60,000 ரூபாயையும் விழுங்கினார்கள்.

"பக்கத்துக்காரன் கட்டுறதுக்கு நான் என்ன பண்ண?" என்றார் ஓனர். "வாடகைக்கு இருக்கிறவங்ககிட்ட பேச மாட்டோம், ஓனரை வரச் சொல்லுங்க" என்றார் சைட் இன்ஜினியர். "வீடு காட்டுறதோட என் வேலை முடிஞ்சுது" என்றார் புரோக்கர். கடைசியில் சைட் மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது: அதே விரிசலுக்குக் கட்டுகிறவரிடமும் ஓனர் பணம் வாங்கியிருக்கிறார்! ஒரே விரிசலுக்கு இரண்டு வசூல். வயிறு எரிகிறது.

சட்டம் இதுதான். பக்கத்து மனைக்காரர் தரும் தொல்லைக்கு ஓனர் நேரடிப் பொறுப்பல்ல. அதனால் வாடகையை நிறுத்தாதீர்கள், பாக்கி என்று காட்டி வெளியேற்ற அதுவே சாக்காகிவிடும். ஆனால் வீட்டின் கட்டமைப்புப் பழுது, குடியிருப்பவர் செய்த சேதமாக இல்லாதவரை, ஓனர் தலையில்தான். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எழுத்தில் கேட்டும் செய்யாவிட்டால் நீங்களே பழுது பார்த்து, மாத வாடகையில் பாதிக்கு மிகாமல் கழிக்கலாம். குடியிருக்கவே முடியாத நிலை என்றால் 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வேண்டும்.

சத்தத்துக்குக் கட்டுகிறவரைத்தான் பிடிக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டக் கூடாது என்பது ஒலி மாசு விதி. வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. வீடியோவில் நேரம் தெரிய எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்வார்த்தைப் புகாருக்கு ஒரு மதிப்பும் இல்லை.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சுற்றியுள்ள காலி மனைகளில் அனுமதிப் பலகை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். புரோக்கர் சொல்லும் கேஸ் கதையை நம்பாதீர்கள்.

அக்ரிமென்டை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். "வரி வரும்" என்று ஓனர் இழுத்தடித்தால் நீங்கள் தனியாகவே தாக்கல் செய்யலாம். பக்கத்துக் கட்டுமானத்தால் வரும் சேதம் குடியிருப்பவர் பொறுப்பல்ல, அந்த நிலையில் லாக்-இன் (குறிப்பிட்ட மாதங்களுக்கு முன் காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை) செல்லாது என்று ஒரு வரி அதில் இருக்கட்டும்.

குடிபோகும் நாளில் எல்லாச் சுவரையும் வீடியோ எடுங்கள். விரிசல் வந்தால் அதன் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பட்டை பூசித் தேதி எழுதுங்கள். பட்டை உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், ஸ்கேலோடு படம் எடுத்து ஓனருக்கும் கட்டுகிறவருக்கும் தபாலில் அனுப்புங்கள்.

காலி செய்யும்போது, சுவரின் நிலையை எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.