ஸ்புரூஸா, சிடாரா?

கிளாசிக்கல் கிட்டாரைச் சொல்லிச் செய்விப்பவர்கள் தடுமாறுவது, முகப்புப் பலகைக்கு ஸ்புரூஸ் மரமா, சிடார் மரமா என்பதில்தான். முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, குரல் முகப்பில் இருக்கிறது என்று 1862இல் காட்டினார் ஸ்பெயினின் கிட்டார்த் தயாரிப்பாளர் அந்தோனியோ தே தோரஸ். அவர் நம்பியது ஸ்புரூஸை. சிடாரை 1960களில் பரப்பியவர் மாட்ரிட்டில் கிட்டார் செய்த மூன்றாம் ஹோசே ராமிரெஸ்.

ஒலி: ஸ்புரூஸ் தெளிவானது; முழுக்குரல் வர மாதக்கணக்கில் வாசிக்க வேண்டும். சிடார் முதல் நாளே கனிந்து பேசும்.

உறுதி: சிடார் மிருது, நகம் பட்டாலே தடம் விழும். என் கிட்டாரில் சட்டைப் பொத்தானின் வட்டம்கூடப் பதிந்திருக்கிறது. ஸ்புரூஸ் சற்றே தாங்கும்.

விலை: பெரிய வித்தியாசமில்லை.

அடுத்த மாதமே மேடை ஏறுபவருக்குச் சிடார். காத்திருக்க முடிந்தவருக்கு, பல சுரங்கள் ஒன்றோடொன்று பின்னிவரும் இசையை வாசிப்பவருக்கு, ஸ்புரூஸ்.